பறவை நோக்கர் கில்பர்ட் ஒயிட்

புகழ் பெற்ற பெரியோருள் பலர், தாம் பிறந்த ஊரை விட்டு நீங்கிக் கடல் கடந்தும் மலை கடந்தும் சென்று அருஞ்செயல் ஆற்றியவர் ஆவர். பிறந்த ஊரிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, அவ்வூரின் மரங்களையும் பறவைகளையும் புழு பூச்சிகளையும் கண்ணுங் கருத்துமாக நோக்கி, அந்நோக்கு ஒன்றினாலேயே அழியாப் புகழ் எய்தியவரும் உளர். அத்தகையோருள் தலைசிறந்தவர் ஆங்கில நாட்டு அறிஞர் கில்பர்ட் ஒயிட் என்பவர். அவர் எழுதிய நூல் ஒன்றே. அந்நூல் பேசுவதும் ஒரு சிற்றூரைப் பற்றியே. ஆயினும், அது வெளிவந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் மீண்டும் மீண்டும் அச்சேறி வருகின்றது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் என்னும் கோட்டத்தில் செல்போர்ன் என்னும் சிற்றூர் உள்ளது. ஊரின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்புக் குன்று ஒன்று உயர்ந்து நிற்கும். அதன் சரிவு முழுவதும் பீச்சு மரங்கள் அடர்ந்த சோலை. அவ்வூரில் 1720ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் ஒயிட் பிறந்தார். அவருடைய பாட்டனார் அவ்வூர்த் திருக்கோயிலின் குருவாக விளங்கியவர். அவர் பெயரும் கில்பர்ட் ஒயிட் என்பதே. தந்தையார் சட்டம் பயின்றவர். உடன்பிறந்தார் பலருள் ஒயிட்டே மூத்தவர். அவருடைய இளமையிலேயே குடும்பத்தார் செல்போர்னில் நிலையாகத் தங்கினர். குன்றும் சோலையும் ஓடையும் சூழ்ந்த அவ்வூரே அவருக்கு முதற் பள்ளியாயிற்று.

உரிய பருவத்தில் ஒயிட் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஓரியல் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். 1743ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். பின்னர்ச் சமயக் கல்வி முற்றிக் குருத்தொண்டு மேற்கொண்டார். கற்றோர் நிறைந்த ஆக்ஸ்போர்டில் உயர்ந்த நிலையில் வாழ அவருக்கு வாய்ப்பு இருந்தது. ஆயினும் அவர் உள்ளம் செல்போர்னையே நாடியது. அவ்வூர்க் கோயிலின் தலைமைக் குருவை அமர்த்தும் உரிமை வேறொரு கல்லூரிக்கு இருந்தமையால், பாட்டனார் வகித்த பதவி அவருக்குக் கிட்டவில்லை. அதற்காக அவர் மனம் வருந்தி ஊரை வெறுத்தாரல்லர். துணைக்குருவாகச் சிறு ஊதியம் பெற்றுக்கொண்டு, செல்போர்னிலும் அதன் அண்மையில் உள்ள ஊர்களிலும் தொண்டாற்றி வந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தோட்டமும் சோலையும் பறவைகளுமே அவருக்குச் சுற்றமாயின.

1751ஆம் ஆண்டில் ஒயிட் தம் தோட்டத்து நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கத் தொடங்கினார். எந்நாளில் எவ்விதை ஊன்றப்பட்டது, எச்செடி எப்போது பூத்தது என்பனவெல்லாம் அக்குறிப்பில் இடம் பெற்றன. பின்னர் டெயின்ஸ் பாரிங்டன் என்னும் அறிஞர், இயற்கை நிகழ்ச்சிகளை நாள்தோறும் பதிவதற்கென்று கட்டங்கள் வகுத்து அச்சிட்ட குறிப்பேடு ஒன்றை அவருக்கு அளித்தார். காற்றின் திசை, மழையின் அளவு, வெப்பநிலை, மலர்ந்த மலர், வந்த பறவை, நீங்கிய பறவை என ஒவ்வொன்றுக்கும் அதில் இடம் இருந்தது. 1768 முதல் 1793 வரை, 25 ஆண்டுகள், அவர் அவ்வேட்டினை இடையறாது எழுதி வந்தார். ஒருநாட் குறிப்பு சிறிது. 25 ஆண்டுக் குறிப்பு பெரிது. சிறுதுளி பெருவெள்ளமாதல் போல, அச்சிறு குறிப்புகள் திரண்டு அரிய அறிவுச் செல்வமாயின.

ஒயிட் வாழ்ந்த காலத்தில் விலங்கியல் கற்றோர் பெரும்பாலும் உயிரற்ற உடல்களையே ஆராய்ந்தனர். பறவையைச் சுட்டு வீழ்த்தி, இறகையும் அலகையும் அளந்து, பெயரிட்டுப் பேழையில் வைத்தலே ஆராய்ச்சி எனப் பலரும் கருதினர். ஒயிட்டும் பறவைகளின் உடலை அளந்து பார்த்தவரே. ஆனால் அவர் அதனோடு அமையவில்லை. உயிருள்ள பறவை எங்கே இருக்கின்றது, எதை உண்கின்றது, எவ்வாறு கூடு கட்டுகின்றது, எவ்வாறு குரல் எழுப்புகின்றது என்பவற்றையும் அறிய விழைந்தார். இலைகளுக்கிடையே திரியும் சிறு குருவிகள் சில, உருவத்தாலும் நிறத்தாலும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிறர் ஒரே இனமாக எண்ணி மயங்கினர். ஒயிட் அவற்றின் குரலைக் கூர்ந்து கேட்டார். ஒன்று இரண்டே ஒலிகளை மாறி மாறி எழுப்பியது. மற்றொன்று மெல்ல இறங்கிவரும் இனிய இசையைப் பாடியது. வேறொன்று உயர்ந்த பீச்சு மரங்களின் உச்சியில் அமர்ந்து, நடுங்குவது போன்ற ஒலியை எழுப்பியது. பின்னர் உடலையும் ஒப்புநோக்கி, அவை மூன்று வேறு இனங்கள் என்று தெளிந்தார். கண்ணை ஏமாற்றிய வேற்றுமையைக் காது காட்டிக் கொடுத்தது.

வயல்களில் வாழும் மிகச் சிறிய எலியினம் ஒன்று ஆங்கில நாட்டில் உண்டு என்பதை முதன்முதல் அறிவித்தவரும் அவரே. கோதுமைத் தாள்களின் இடையே பந்து போல உருண்டையாகப் பின்னப்பட்ட அதன் கூட்டினுள் எட்டுக் குஞ்சுகள் இருந்ததைக் கண்டு வியந்தார். அவ்வெலிகள் இரண்டனைத் தராசில் இட்டு நிறுத்தபோது, அவை ஒரு செப்புக் காசின் எடையே இருந்தன. உழவர் கண்ணுக்கு இழிந்ததாகத் தோன்றிய மண்புழு, நிலத்தைத் துளைத்து இளக்கி, மழைநீரும் வேரும் உட்புக வழி செய்கின்றது என்பதை 1777ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். டார்வின் மண்புழுவைப் பற்றித் தம் புகழ்மிக்க நூலை வெளியிட்டது 1881ஆம் ஆண்டில்தான். அந்த டார்வினும் இளமையில் ஒயிட்டின் நூலைப் படித்துப் பறவைகளை நோக்கும் வேட்கை கொண்டவர் என்பது இங்கு நினைக்கத் தக்கது.

இனி, ஒயிட்டின் அறிவுத் திறத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்றனைக் காண்போம்.

செல்போர்னுக்கு வடகிழக்கே, சர்ரே கோட்டத்தில், பிரென்சம் என்னும் இடத்தில் பெரிய ஏரி ஒன்று உள்ளது. அந்நாளில் அது வின்செஸ்டர் நகரத்துத் தலைமைக் குருவுக்கு உரியதாக இருந்தது. 1779ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களின் இறுதி வாரத்தில், அவ்வேரிக் கரையில் ஆறு பறவைகள் வந்து இறங்கின. அத்தகைய பறவையை அப்பகுதி மக்கள் அறிந்திலர். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இல்லை. ஏரிக் காவலன் துப்பாக்கியை எடுத்து ஐந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினான். அத்துடன் அவன் ஆவல் அடங்கியது. ஆறாவது பறவையை அவன் ஒன்றும் செய்யாது விட்டுவிட்டான்.

வீழ்ந்த பறவைகளுள் ஒன்று ஒயிட்டின் கைக்கு வந்தது. அப்போது அவர் 58 வயது நிறைந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் பகுதிப் பறவைகளை நோக்கி வந்தவர். ஆயினும் இப்பறவை அவருக்கும் புதியதாக இருந்தது. அதன் கால்களைக் கண்டு அவர் பெருவியப்பு அடைந்தார். யாரோ ஒருவர் காண்போரை ஏமாற்றுவதற்காக நீண்ட குச்சிகளைச் சிற்றுடலில் ஒட்டி வைத்தாற் போல அவை தோன்றின. இத்தகைய பறவையை ஓவியத்தில் கண்டிருந்தால், ஓவியனின் கற்பனை எல்லை கடந்தது என்றே அவர் எண்ணியிருப்பார்.

வியப்போடு நின்றுவிடாமல் அவர் அளக்கத் தொடங்கினார். குடல் முதலிய உள்ளுறுப்புகள் நீக்கப்பெற்று, கெடாதிருக்க மிளகு அடைக்கப்பெற்ற அவ்வுடல், நாலேகால் அவுன்சு எடையே இருந்தது. இறகு மூடாத மேற்காற் பகுதி மூன்றரை அங்குலம். அதன் கீழ் உள்ள பகுதி நாலரை அங்குலம். ஆகக் காலின் நீளம் எட்டு அங்குலம். பின்விரல் அறவே இல்லை என்பதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்து, நூல்களைத் துருவினார். உரோமானிய அறிஞர் பிளினி குறித்த பறவையின் பெயரே இதற்குப் பொருந்துவதாயிற்று. தோல் வாரைப் போன்ற கால்களை உடையது என்பது அப்பெயரின் பொருள். மரக்கால் என்னும் பொருள்படப் பிரெஞ்சு நாட்டுப் பறவை நூலார் பிரிசோன் பெயரிட்டிருந்ததையும் கண்டு, அதுவே மிகப் பொருத்தமானது என ஒயிட் உடன்பட்டார். மரக்கால் கட்டிக்கொண்டு ஆடுவோரைக் கண்ட நமக்கும் அப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். பறவை நூல் வல்ல வில்லுபியும் ரேயும் இதனைக் கண்டதில்லை. ஒயிட்டின் நண்பரான பென்னன்ட், பிரிட்டனில் இதனை ஓரிடத்திலும் காணாமல், பாரிசு நகரத்தாரின் காட்சிப் பேழைகளில் மட்டுமே கண்டிருந்தார். இது இலையுதிர் காலத்தில் எகிப்துக்குச் செல்கின்றது என ஒரு பயணி எழுதியிருந்தார். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் ஓடைக்கரைகளில் இதனைக் கண்டதாக மற்றொருவர் தெரிவித்திருந்தார். பிரிட்டனில் அதற்குமுன் இருமுறையே இது தென்பட்டதாக நூல்கள் கூறின.

இச்சான்றுகளையெல்லாம் ஒருங்கு வைத்து ஒயிட் ஒரு முடிவுக்கு வந்தார். இவ்வளவு விந்தையான உருவமுடைய பறவை ஆண்டுதோறும் ஆங்கில நாட்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமாயின், அது எவர் கண்ணிலும் படாமல் இருக்க இயலாது. ஆதலின் இது தென் ஐரோப்பாவுக்கு உரியது. எக்காரணத்தாலோ வழிதப்பி வடக்கே வந்தது என்று முடிவு செய்தார். அம்முடிவு முற்றிலும் சரியே.

எனினும், அதே கடிதத்தில் அவர் கூறிய வேறு இரண்டு கருத்துகள் பொருந்துவன அல்ல. முதலாவது, ஒரு கணக்கு. ஆண் பூநாரையின் எடை ஏறக்குறைய 4 இராத்தல். அதன் கால் நீளம் 20 அங்குலம். நாலேகால் அவுன்சு எடைக்கு 8 அங்குலக் கால் எனின், 4 இராத்தல் எடைக்கு 120 அங்குலத்துக்கு மேற்பட்ட கால் இருத்தல் வேண்டும் என அவர் கணக்கிட்டார். அதாவது, பூநாரைக்குப் பத்தடி உயரத்துக்கும் மேலான கால் வேண்டும்! அவ்வாறு இல்லாமையால், எடைக்கு ஏற்ற அளவில் இப்பறவைக்கே உலகில் மிக நீண்ட கால் என்றார். கணிதம் பயிலும் மாணவர் இதன் பிழையை எளிதில் அறிவர். ஓர் உருவத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கானால், எடை இருமடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகின்றது. எடை 15 மடங்கு ஆவதற்கு நீளம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆனாற் போதும். எட்டு அங்குலத்தின் இரண்டரை மடங்கு 20 அங்குலம். அதுவே பூநாரையின் கால் நீளம்! ஒயிட் தந்த எண்களைக் கொண்டே பார்த்தால், இரு பறவைகளும் இவ்வகையில் ஏறக்குறைய ஒத்தனவே ஆகின்றன.

இரண்டாவது, பறவையின் நடையைப் பற்றிய ஐயம். இத்துணை நீண்ட காலை இத்துணை மெலிந்த தசைகள் எவ்வாறு இயக்கும், பின்விரலும் இல்லாத இப்பறவை தள்ளாடாமல் எவ்வாறு நடக்கும் என அவர் ஐயுற்றார். இது நன்கு நடக்க இயலாதது என்றே கருதினார். உண்மையில் அப்பறவை, சேற்றிலும் நீரிலும் அழகாக அடியெடுத்து வைத்து நடக்கும் இயல்பினது. அதன் நெடிய கால்களே, பிற சிறு பறவைகள் செல்ல இயலாத ஆழத்தில் இறங்கி இரை தேட உதவுகின்றன. ஒயிட் அதனை உயிரோடு கண்டதில்லை. இறந்த பறவை தன் எடையையும் நீளத்தையும் அவருக்குக் கூறியது. தன் நடையைக் கூற இயலவில்லை. காவலன் சுடாது விட்ட ஆறாவது பறவை ஒருநாள் அவ்வேரிக் கரையில் நடந்து காட்டியிருப்பின், ஒயிட்டின் ஐயம் அக்கணமே நீங்கியிருக்கும்.

அவருக்கு அரிதாயிருந்த காட்சி நமக்கு எளிது. அப்பறவையே நம் நாட்டில் நெடுங்கால் உள்ளான் எனவும் பவளக்காலி எனவும் வழங்குவது. கருஞ்சிறகும் வெண்ணுடலும் ஊசி போன்ற கரிய அலகும் பவளம் போலச் சிவந்த நெடுங்கால்களும் உடைய அதனைத் தமிழகத்தின் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் உப்பளங்களிலும் காணலாம். பறக்கும்போது அதன் கால்கள் வாலுக்குப் பின்னே வெகுதூரம் நீண்டு தோன்றும். ஆங்கில நாட்டிலும், 1945ஆம் ஆண்டில், அதாவது பிரென்சம் ஏரி நிகழ்ச்சிக்கு 166 ஆண்டுகள் கழித்து, நாட்டிங்காம் நகருக்கு அருகில் இப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன.

ஒயிட் பிழை செய்த இடங்கள் இன்னும் சில உண்டு. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே செல்கின்றன என்னும் வினா அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. அவை பொந்துகளிலோ நீரடியிலோ உறங்குகின்றன எனப் பலர் நம்பிய காலம் அது. ஜிப்ரால்டரில் குருவாக இருந்த அவர் தம்பி ஜான், அக்குருவிகள் கூட்டங் கூட்டமாகக் கடலைக் கடந்து செல்வதைக் கண்டு எழுதினார். ஆயினும், சில குருவிகளேனும் ஊரிலேயே மறைந்து தங்கக்கூடும் என்னும் எண்ணத்தை ஒயிட் முற்றும் விடவில்லை. அவர் தம் அத்தையிடமிருந்து 1780ஆம் ஆண்டில் பெற்று வளர்த்த ஆமையை ஆண் எனவே கருதி, திமோத்தி என ஆண்பெயரால் அழைத்து வந்தார். இருவரும் மறைந்த பின், அதன் ஓட்டினை ஆராய்ந்தோர் அது பெண் எனக் கண்டனர்.

இப்பிழைகளால் ஒயிட்டின் பெருமை குறையவில்லை. தாம் கண்டது இது, கேட்டது இது, கருதுவது இது என அவர் பிரித்து எழுதினார். எடையையும் நீளத்தையும் உள்ளவாறே குறித்து வைத்தார். அதனாலன்றோ, அவர் எண்களைக் கொண்டே அவர் கணக்கை இன்று நாம் திருத்த முடிகின்றது! அளவைக் கூறாது முடிவை மட்டும் கூறியிருந்தால், பிழையும் மறைந்திருக்கும், உண்மையும் மறைந்திருக்கும்.

பென்னன்டுக்கும் பாரிங்டனுக்கும் ஒயிட் எழுதிய கடிதங்கள், அஞ்சலில் அனுப்பப் பெறாத சிலவற்றோடும் தொகுக்கப் பெற்று, 1789ஆம் ஆண்டு என்னும் குறிப்புடன் நூலாக வெளிவந்தன. அவற்றுள் 44 கடிதங்கள் முன்னவருக்கும், 66 கடிதங்கள் பின்னவருக்கும் உரியன. இலண்டனில் புத்தக வணிகம் செய்த தம்பி பெஞ்சமின் அதனை வெளியிட்டார். செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமையும் பற்றிய அந்நூல் வெளியானபோது ஆசிரியர் எழுபதை எட்டும் நிலையில் இருந்தார். பறவைக் குரலைக் கேட்டே இனம் பிரித்தறிந்த அவருக்கு, இடையிடையே காது மந்தமுற்றுச் சிற்றொலிகள் கேளாது போயின. அதனால் அவர் வருந்தினாரேயன்றி நோக்குவதை நிறுத்தினாரல்லர். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் வரை அவருடைய நாட்குறிப்பு தொடர்ந்தது. 1793ஆம் ஆண்டு சூன் திங்கள் 26ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

செல்போர்ன் கோயிலின் பக்கத்தில் அவரது கல்லறை உள்ளது. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்ட சிறு கல் ஒன்று அங்கே நிற்கின்றது. அவர் வாழ்ந்த இல்லம் இன்று காட்சியகமாக விளங்குகின்றது.

ஒயிட்டுக்குத் தொலைநோக்காடியும் நிழற்படக் கருவியும் இல்லை. இன்று அவை பலர் கையிலும் உள்ளன. பெயர் அறியாத பறவையை அறிய அதனைக் கொல்ல வேண்டுவதில்லை. நம் ஊர் ஏரியில் புதிய பறவை ஒன்று வந்து இறங்கினால், சற்றே விலகி அமைதியாக நின்று நோக்குதல் வேண்டும். அதன் அலகு எத்தகையது, கால் எந்நிறம், எவ்வாறு நடக்கின்றது, எங்ஙனம் கூவுகின்றது என்பவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். பெயர் உடனே தெரியாது போயினும் குறையில்லை. உள்ளவாறு எழுதிய குறிப்பு ஒருநாள் பயன்படும். பறவையும் உயிரோடு நடந்து செல்லும்.